அளவு நோட்டில் இருந்த ஆள்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம். பத்தொன்பது வருடமாக அந்த விமானத்தில் ஏறியதும் நான் செய்கிற முதல் வேலை, பணிப்பெண்ணைக் கண்ணால் கூப்பிட்டு, பக்கத்து ஆள் காதில் விழாமல் பெல்ட்டை நீளமாக்குகிற ஒட்டுப்பட்டை கேட்பது. இந்தத் தடவை பெல்ட்டை மாட்டிய பிறகும் ஒரு சாண் வார் மிச்சம் தொங்கியது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எனக்கு விமானம் என்றால் பயம் என்று நினைத்திருப்பார்.

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டு 16 மாதம் ஆகிறது. அன்று 134 கிலோ. கிளம்பிய அன்று காலையில் 82. போனது 52. வயிற்றின் மேல்பக்கத்தை ஒரு முட்டை அளவுக்கு, 30 மில்லி பிடிக்கிற சின்னப் பையாகப் பிரித்து, சிறுகுடலில் கொஞ்சம் கீழே தள்ளிக் கொண்டுபோய் இணைத்துவிடுகிறார்கள். மிச்ச வயிறு உள்ளேயே இருக்கும். சாப்பாடு மட்டும் அந்தப் பக்கம் போகாது. எனக்குச் சர்க்கரையும் நெஞ்செரிச்சலும் சேர்ந்து இருந்ததால், வயிற்றைக் குழாய் மாதிரி வெட்டிவிடுகிற ஸ்லீவைவிட இதுதான் சரி என்றார் டாக்டர். அதற்கப்புறம் சில விதிகள். புரதம் முதலில், சோறு கடைசியில். சின்னக் கவளம், கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போதும் சாப்பிட்டு அரை மணி நேரம்வரையும் தண்ணீர் கிடையாது. பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் ஆயுளுக்கும்.

இந்த உடம்போடு முதல் தடவையாக ஊருக்குப் போகிறவர்கள் என்னைப் போல நிறையப் பேர் இருப்பீர்கள். ஊரில் எது சுலபமாக நடந்தது, எது இழுத்தடித்தது என்று எழுதி வைத்தால் உதவுமே என்றுதான் இது. ஊர் பள்ளத்தூர். காரியங்களுக்கெல்லாம் காரைக்குடி. தங்கியது நாலு வாரம், கார்த்திகையில் போய் மார்கழியில் திரும்பினேன்.

சாங்கி விமான நிலையத்தில் இயந்திரம் கண்ணைப் பார்த்தது, கதவு திறந்தது, அவ்வளவுதான். திருச்சியில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "இது யாரு சார், அண்ணனா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன். வயிற்றைத் தொட்டு ஆபரேஷன் என்றதும் முத்திரை விழுந்தது. அங்கிருந்து காரைக்குடிப் பக்கம் 90 கிலோமீட்டர் சொச்சம், கார் இரண்டு மணி நேரத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். புதுக்கோட்டை தாண்டி, திருமயம் கோட்டை கண்ணில் பட்டதும் எனக்கு எப்போதும் பசிக்கும். இந்தத் தடவையும் பசித்தது. அது வயிற்றுப் பசி இல்லை என்று இப்போது தெரிகிறது.

முகப்பில் நின்றுகொண்டிருந்த ஆத்தா, நான் இறங்கிய பிறகும் காருக்குள் எட்டிப் பார்த்தார்கள். காணொளியில் முகத்தை மட்டும்தானே பார்த்திருந்தார்கள். வயிற்றில் சின்ன ஆபரேஷன் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். என் கையை இரண்டு கையாலும் பிடித்து, மணிக்கட்டு எலும்பை விரலால் தடவிக்கொண்டே, "என்ன ராசா, எதையும் மறைக்கிறியா?" என்றார்கள். அன்று சாயந்திரம் வரை பங்காளி வீட்டு ஆச்சிமார் ஒவ்வொருவராக வந்து பட்டாலையில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். "நல்லா இருக்கியாப்பா?" என்ற கேள்வியை இத்தனை இழுத்து நான் கேட்டதில்லை. யாரும் வாயால் சொல்லாத வியாதிப் பெயர் ஒன்று வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. குண்டாக இருந்தவரை என் உடம்பைப் பற்றி இவர்களில் ஒருவர்கூடக் கவலைப்பட்டதில்லை. சென்னைப் பக்கம் ஒரு இளைஞர் எடைக் குறைப்பு அறுவையின்போதே இறந்துபோன செய்தியை ஒரு ஆச்சி எடுத்தார். ஆபத்தே இல்லை என்று நான் வாதாடவில்லை, இருக்கிறது. எனக்கும் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது.

சரி, காரியத்துக்கு வருகிறேன். முதலில் தையற்கடை.

கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது கடை. கல்லூரி நாளிலிருந்து எனக்குச் சட்டை தைக்கிறவர். ரெடிமேடில் என் அளவுக்குக் கிடைக்காது என்பதால், ஊருக்கு வரும்போதெல்லாம் வருடத்துக்கு ஆறு சட்டை அவரிடம்தான். பழைய சட்டைகள் எட்டைப் பையில் கொண்டுபோய் மேசையில் வைத்து, பிடித்துத் தரச் சொன்னேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பேரைச் சொன்னதும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பின்னாலிருந்து அளவு நோட்டை எடுத்தார். நீள நோட்டு, மூலை எல்லாம் மடங்கி, ஒரு ரப்பர் வளையம் போட்டது. என் பேருக்கு நேரே நெஞ்சு 52, வயிறு 54. நோட்டைப் பார்த்தார், என் மேல் டேப்பைப் போட்டார். நெஞ்சு 41, வயிறு 38. மறுபடி ஒரு தடவை அளந்தார். "தம்பி, மூச்சை விடுங்க" என்றார். நான் வயிற்றை உள்ளே இழுக்கவே இல்லை, முப்பது வருடப் பழக்கத்தில் அப்படித்தான் சொல்வார்.

எட்டில் ஆறை ஒதுக்கிவிட்டார். பக்கவாட்டுத் தையலைப் பிரித்து உடம்பைப் பிடித்துவிடலாம், ஆனால் சோல்டர் இரண்டு பக்கமும் இறங்கிவிட்டது; கையைப் பிரித்து, தோளை வெட்டி, காலரையும் மாற்றினால் அது புதுச் சட்டைக் கூலி, பார்க்கவும் சட்டை மாதிரி இருக்காது என்றார். எட்டுச் சட்டைக்கும் கூலி வாங்கிக்கொண்டு எதையாவது பிடித்துக் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. இரண்டு சட்டைக்கு 240 ரூபாய், புதிதாக நாலு தைக்கச் சட்டைக்கு 400. எடை குறைகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒன்றரை வருடம் ஆகும்வரை நல்ல துணி தைக்காதீர்கள். முதல் வருடம் மாதத்துக்கு ஒரு அளவு இறங்கும். வேட்டிக்கு அந்தக் கவலை இல்லை, கொசுவத்தில் இரண்டு மடிப்புக் கூடும், அவ்வளவுதான்.

துணியை வெட்டுவதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்வியை மறக்க முடியாது. "இன்னும் இறங்குமா, இல்ல இதோட நின்னுருமா?" கிட்டத்தட்ட நின்றுவிட்டது என்றேன். "அப்போ உள்ள ரெண்டு விரக்கடை துணி விட்டுத் தைக்கிறேன். ஏறினாப் பிரிச்சு விட்டுக்கலாம்." எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என் டாக்டரும் இதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார். பெரும்பாலோருக்கு ஒன்றரை, இரண்டு வருடத்துக்குப் பிறகு கொஞ்சம் எடை திரும்ப ஏறத்தான் செய்யும். பழைய அளவை அடிக்காமல் அதற்குக் கீழேயே புது அளவை எழுதி, தேதி போட்டு, ரப்பரை மாட்டினார்.

மோதிரத்துக்கு இவ்வளவு பேச்சு இல்லை. கல்யாண மோதிரம் சிங்கப்பூரில் இரண்டு தடவை கழன்று கழுவுதொட்டியில் விழுந்து, நூல் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் எங்கள் வீட்டு ஆசாரி என் கண் முன்னாலேயே எடை போட்டார், எட்டு கிராம் நாப்பது மில்லி. அடிப்பக்கத்தில் வெட்டி ஒரு துண்டை எடுத்து, நெருப்பு ஊதிப் பற்றவைத்து, கம்பியில் மாட்டித் தட்டி வட்டமாக்கினார். எடுத்த துண்டைத் தராசில் வைத்தார்: ஒரு கிராம் நூறு மில்லி. கோந்துத்தாளில் மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, கூலி 500 வாங்கிக்கொண்டார். தங்கம் விற்கிற விலையில், உடம்பு இளைத்ததால் எனக்குக் கிடைத்த ஒரே ரொக்க லாபம் அதுதான்.

இப்போது வங்கி. பேர் வேண்டாம். வெளிநாட்டுவாழ் இந்தியர் கணக்குக்குக் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் அடையாள விவரம், புதுப்பிக்கவில்லை என்று பணம் எடுப்பதை நிறுத்தி வைத்திருந்தார்கள். பாஸ்போர்ட், ஆதார், முகவரிச் சான்று, இரண்டு புதிய புகைப்படம் எல்லாம் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்தவர் புதிய படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பாஸ்போர்ட்டிலும் ஆதாரிலும் இருக்கிற படமும் பழைய ஆள்தானே. "போட்டோ ஒத்துப்போகல சார்." நான்தான் என்றேன். "நீங்கதான்னு எனக்குத் தெரியுது சார், சிஸ்டத்துக்குத் தெரியணுமே" என்றார். நியாயம்தான். ஆனால் என்ன கொண்டுவந்தால் சிஸ்டத்துக்குத் தெரியும் என்று கேட்டால் மூன்று நாளில் மூன்று பதில். முதல் நாள், இரண்டு படத்திலும் இருப்பது ஒரே நபர் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம். வாங்கிப் போனேன். இரண்டாம் நாள், அது பேர் மாறினவர்களுக்குத்தான், உங்களுக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் வேண்டும். மூன்றாம் நாள், கடிதம் போதாது, டிஸ்சார்ஜ் சம்மரி முழுசாக ஜெராக்ஸ்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் என்னென்ன இருக்கும் என்று தெரியுமா? தூக்கத்தில் மூச்சுத் திணறல், சர்க்கரை அளவு, மனநல மருத்துவர் என்னோடு பேசின குறிப்பு, எல்லாம் இருக்கும். அதை எடுத்து ஒரு வங்கிக் கோப்பில் நூலில் கட்டி வைக்க நான் ஏன் கொடுக்க வேண்டும்? கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வழி காட்டியது பக்கத்துக் கடை ஜெராக்ஸ் பையன். "முதல்ல ஆதார்ல போட்டோவ மாத்துங்கண்ணே, மத்ததெல்லாம் தானா வரும்." ஆதாரில் படத்தை இணையத்தில் மாற்ற முடியாது, மையத்துக்கு நேரில்தான் போக வேண்டும். தபால் நிலையங்களிலும் சில வங்கிக் கிளைகளிலும் மையம் இருக்கும். டோக்கன் வாங்கி முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். அந்தப் பெண் முகம், பத்து விரல், கண் எல்லாம் எடுத்துவிட்டு, திரையில் பழையதையும் புதியதையும் பார்த்து, "கன்னம்தான் சார் போச்சு, கண்ணு அப்படியே இருக்கு" என்றாள். பத்து நாளில் புது ஆதார் இறங்கியது. அதைக் கொண்டுபோய் வங்கியில் விரலை வைத்தேன், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. உறுதிமொழிப் பத்திரத்தைத் திருப்பிக் கேட்டேன், காணவில்லை. ஆகவே போன உடனே முதல் வேலையாக ஆதார் படத்தை மாற்றிவிடுங்கள். நான் தலைகீழாகச் செய்ததில் இரண்டு வாரம் போனது.

ரத்தப் பரிசோதனையை ஊரிலேயே பார்த்துக்கொண்டேன். லேபில் சொல்லிவிட்டால் காலை ஏழு மணிக்கு வீட்டுக்கே வந்து எடுக்கிறார்கள். ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு இருப்பு), பி12, டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், அல்புமின், மூன்று மாதச் சர்க்கரை, எல்லாம் சேர்த்து 3,850 ரூபாய். சிலது வெளியூர் லேபுக்குப் போய் மூன்றாம் நாள் போனில் வந்தது. வந்த தம்பிக்கு முழங்கை மடிப்பில் நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது. முன்பெல்லாம் நாலு இடத்தில் குத்திவிட்டுக் கடைசியில் புறங்கையில் எடுப்பார்கள். ஃபெரிட்டின் குறைவு என்று வந்தது. இந்த அறுவையில் இரும்பை உறிஞ்சுகிற முதல் குடல் பகுதியைச் சாப்பாடு தாண்டிப் போய்விடுவதால் இது எதிர்பார்த்ததுதான். மூன்று மாதச் சர்க்கரை 5.8, முன்பு 9-க்கு மேல். "சுகர் போயிருச்சாமே" என்று ஊரே சொன்னது. அடங்கியிருக்கிறது என்பதுதான் சரி. எடை ஏறினால் அதுவும் பின்னாலேயே வரலாம்.

மருந்துக் கடையில் கவனமாக இருங்கள். குன்றக்குடி மலை ஏறி இறங்கியதில் முழங்கால் பிடித்துக்கொண்டது. கடையில் வலி என்று சொன்ன மறு நிமிடம் ஒரு பட்டை கைக்கு வந்தது. சீட்டும் இல்லை, கேள்வியும் இல்லை. திருப்பிப் படித்தால் பாராசிட்டமாலோடு அசிக்ளோஃபெனாக். டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரூஃபன், அசிக்ளோஃபெனாக் வகையறா எதுவும் பைபாஸ் செய்தவர்களுக்கு ஆகாது. பையும் குடலும் சேர்கிற இடத்தில் புண் வரலாம். வெறும் பாராசிட்டமால் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதே மாதிரி, கால்சியம் என்றால் பெரும்பாலும் கார்பனேட்தான் எடுத்துத் தருகிறார்கள். அது கரைய அமிலம் வேண்டும், நம்முடைய பையில் அமிலம் கொஞ்சம்தான், அதனால் சிட்ரேட் என்று சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டு கடையில் இல்லை, மூன்றாவது கடையில் வரவழைத்துத் தந்தார்கள். சிங்கப்பூரிலிருந்தே கொண்டுபோய்விடுவது நல்லது.

சாப்பாட்டுக்கு வருவோம். செட்டிநாட்டுக்குப் போய்விட்டு இதைச் சொல்லாமல் முடியுமா?

காரைக்குடியில் ஒரு ஓட்டலில் அரைச் சாப்பாடு கேட்டேன். மீல்ஸில் அரை என்று பில் போட முடியாது என்றார்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி கொடுத்த அட்டை ஒன்று பர்ஸில் இருக்கிறது, 'இவர் வயிற்று அறுவை செய்தவர், சிறுவர் அளவில் பரிமாறவும்' என்று. அதை நீட்டினேன். சர்வர் படித்துவிட்டு மேலாளரிடம் காட்ட, அவர் இன்னொரு மேசையில் இருந்தவரிடம் காட்ட, அட்டை ஊர்வலம் போய் வந்தது. கடைசியில் முழுச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்து மூன்று கவளம் சாப்பிட்டேன். இன்னொரு இடம், வீட்டுத் திண்ணையிலேயே நடக்கிற மெஸ். அங்கே அட்டைக்கே வேலை இல்லை. "சோறு வேணாமா, விடுங்க. ரெண்டு முட்டை, ஒரு கிண்ணம் கோழி, ரசம் கொஞ்சம்" என்று அந்த அக்கா தானாகவே கணக்குப் போட்டுவிட்டார். 110 ரூபாய். நாலு வாரத்தில் ஒன்பது தடவை அங்கே போனேன்.

பந்தி வேறு கதை. ஒன்றுவிட்ட அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம், எங்கள் பக்கம் சாந்தி என்போம். காலைப் பலகாரம். வெள்ளைப் பணியாரம், இடியாப்பம், கந்தரப்பம், மசாலாச் சீயம், கவுனி அரிசி. இலையில் மீதி வைத்தால் பக்கத்தில் இருக்கிற பெரியவர் முகம் மாறும். வேண்டாம் என்று கையை இலை மேல் குறுக்கே வைத்தால் பரிமாறுகிறவர் விரல் இடுக்கு வழியாகப் போடுவார். இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன், நானே அப்படிப் பரிமாறியிருக்கிறேன். கவுனி அரிசியைப் பார்த்தேன். கறுப்பும் ஊதாவுமாக, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் நெய்யும் மினுங்க, ஒரு கரண்டி. இரண்டு வாய் தானே என்று நினைத்தேன். நாலு வாய் ஆனது. பரிமாறின தம்பி அதைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி போட்டான்.

இருபது நிமிடத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வியர்வை, தலைசுற்றல், வயிற்றைப் பிசைந்தது. இதற்கு டம்பிங் என்று பேர். இனிப்பு வயிற்றில் தங்காமல் நேரே சிறுகுடலில் போய்க் கொட்டுவதால் உடம்பிலிருக்கிற நீரெல்லாம் அங்கே ஓடும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சிலருக்குச் சர்க்கரை இறங்கி இரண்டாவது சுற்றும் வரும். கொல்லைப்புறம் ஓடிப்போய்விட்டு வந்து இரண்டாங்கட்டில் ஆத்தங்குடித் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டேன். அந்தக் கல்லுக்கு ஒரு குளிர்ச்சி இருக்கிறது, கோடையிலும் இருக்கும். கண்ணுக்கு நேரே சிவப்புப் பூ ஒன்று, அதன் இதழ் ஓரத்தில் பூச்சு லேசாக வழிந்து இறங்கியிருந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்கிற கல், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அரை மணி நேரம் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அதற்குள் வெளியே, 'அந்த வியாதி' பற்றிய சந்தேகம் எல்லாருக்கும் ஊர்ஜிதமாகிவிட்டது.

மத்தியானப் பந்தியில் தலைமைச் சமையல்காரரே வந்து என் பக்கத்தில் குந்தினார். அறுபது வயது இருக்கும். என்ன ஆகும், என்ன ஆகாது என்று இரண்டு கேள்வி கேட்டார். வெறும் பருப்பு, மொச்சை, வெண்டைக்காய் மண்டி மூன்றும் சின்னக் கிண்ணங்களில் தனியாக வந்தன. பரிமாறுகிற பையன்களைப் பார்த்து, "இந்த இலைக்குக் கண்ணுக்கு மட்டும் காட்டிட்டுப் போங்கடா" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு வாளியும் என் இலைக்கு மேல் ஒரு நொடி நின்று நகர்ந்தது.

அங்கேதான் அண்ணன் மகன், 128 கிலோ, மெல்லப் பக்கத்தில் வந்து காப்பீடு கிடைக்குமா என்று கேட்டான். இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் பொது விதிப்படி, 18 வயது நிறைந்து, பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 அல்லது அதற்கு மேல் என்றால் கட்டுக்கடங்காத சர்க்கரை, இதயநோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை போன்ற ஏதாவது ஒன்றும், வேறு வழியெல்லாம் பார்த்துத் தோற்றதும் இருக்க வேண்டும். பாலிசிக்குப் பாலிசி காத்திருப்புக் காலம் உண்டு, முதலில் அதைப் படி என்றேன். எனக்கு அறுவை அன்று 45 இருந்தது. இன்று 27-க்கு மேல். ஆசியர்களுக்கான கணக்கில் 23 தாண்டினாலே எச்சரிக்கைதான், ஆக ஊர் என்னை எலும்பும் தோலும் என்கிறது, அட்டவணை இன்னும் குண்டன் என்கிறது. தோல் என்றதும் நினைவு வருகிறது: அடிவயிற்றில் கொசுவம் மாதிரி மடிந்து தொங்குவதைப் பற்றி அவனிடம் சொன்னேன். மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டியதையும், இந்த மார்கழிக் குளிரில் நான் ஸ்வெட்டர் போட்டுத் தூங்குவதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டால் நான் விளம்பரம் செய்கிற ஆள் ஆகிவிடுவேன்.

ஆத்தாவின் நேர்த்திக்கடன் ஒன்று பாக்கி இருந்தது. நான் அறுவைக்குப் போன அன்று, உயிரோடு திரும்பினால் என் எடைக்கு வெல்லம் தருவதாகத் துலாபாரம் நேர்ந்திருக்கிறார்கள். கோவிலுக்குப் போகிற அன்றுதான் கேள்வியே வந்தது. எந்த எடைக்கு? நான் 82 என்றேன். "நேந்துகிட்ட அன்னைக்கு இருந்த எடைதான். சாமிகிட்ட ஏமாத்தக் கூடாது" என்றார்கள். கடையில் 134 கிலோ அச்சுவெல்லம் வாங்கி ஏற்றியாகிவிட்டது. ஆனால் தராசு நேராக நிற்க வேண்டுமே, ஒரு தட்டில் 134, மறு தட்டில் நான் மட்டும் உட்கார்ந்தால் அந்தரத்தில் தொங்குவேன். தராசுக்காரர் யோசிக்கவே இல்லை. "குறைஞ்சதைக் கூட வச்சுக்கிட்டு உக்காருங்க" என்றார்.

எதிர்க் கடையிலிருந்து அரிசி மூட்டை இரண்டு வந்தது. 2022-இல் 25 கிலோவும் அதற்குக் கீழும் கட்டின அரிசிக்கு ஜிஎஸ்டி போட்டார்கள் இல்லையா, அன்றிலிருந்து நம் ஊர் மூட்டை 26 கிலோ ஆகிவிட்டது. இரண்டு மூட்டை, 52. ஒரு கிராம் பிசகவில்லை. ஒன்றை என் இடப்பக்கம் வைத்தார்கள், ஒன்றை மடியில். மடியில் வைத்ததும் மூச்சு முட்டியது. கால் மரத்தது, தோள் முன்னால் வளைந்தது, அந்த இழுவை எனக்கு நன்றாகத் தெரிந்த இழுவை. இரண்டு மூட்டையையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறியிருக்கிறேன், விமானத்தில் உட்கார்ந்திருக்கிறேன், இருபது வருடம் தூங்கியிருக்கிறேன். தட்டு சமமாக நின்றது. மூட்டையை இறக்கப் பையன்கள் வந்தபோது, கொஞ்சம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஆத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. அரிசி அப்படியே அன்னதானத்துக்குப் போனது.

அதற்குப் பிறகு வீட்டில் சின்ன மாற்றம். காப்பி அரை டம்ளர்தான் வந்தது. ஆச்சிமாருக்கு ஆத்தாவே விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள்: "முட்டைக்குள்ள எவ்வளவு கொள்ளும், அவ்வளவுதான் இவன் வயிறு."

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, சஷ்டியும் சதயமும் கூடுகிற நாள். புது வேட்டி நூல் 21 இழையைத் திரியாக்கி, வெல்லம் சேர்த்துப் பிசைந்த மாவுப் பிள்ளையாரில் வைத்து, நெய்யில் ஏற்றி, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். போன வருடம் அறுவை முடிந்து நாலு மாதம், சிங்கப்பூரில் எல்லாரும் எடுத்துக்கொள்ள நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். இந்த வருடம் என்ன செய்வது என்று இரண்டு நாளாக யோசனை. மெல்லாமல் விழுங்குவது ஒன்று, வெல்லம் ஒன்று.

வீட்டில் மூத்தவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது ஆத்தாதான் மூத்தவர். வளவில் கோலம் போட்டு, ஆவாரம்பூவும் பொரியும் வைத்து, விளக்கேற்றி வரிசையாக உட்கார்ந்தோம். தட்டில் மாவுப் பிள்ளையார்கள் எல்லாம் எலுமிச்சை அளவில். ஓரத்தில் ஒன்று மட்டும் சுண்டைக்காய் அளவில், அதிலும் திரி நின்றது. ஆத்தா அதை எடுத்து ஏற்றி என் கையில் வைத்தார்கள். வாயில் போட்டு மூடினேன். நெய்ச்சூடு நாக்கின் நுனியில் சுட்டது, அப்புறம் வெல்லம். சின்னதுதான், ஆனாலும் மென்றேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நாக்கு எரிந்தது. பக்கத்தில் இருந்த செம்புக்குக் கையை நீட்டினேன். ஆத்தா செம்பைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்கள்.

"அரை மணி நேரம் பொறு ராசா."